தாய்ப்பால் குடிக்கும் குழந்தையும் உணவு ஒவ்வாமையும்

தாய்ப்பாலைத் தவிர வேறு ஆகாரம் எதனையும் அறியாத குழந்தைக்கு உணவு ஒவ்வாமை உண்டாகக் கூடுமா? இரண்டு மாதக் குழந்தை ஒன்று, ஒவ்வொரு முறை பால் குடித்த பின்னும் கக்குகிறது. கன்னங்களில் சொரசொரப்பான தடிப்புக் காண்கிறது. இரவில் உறங்காமல் அழுகிறது. தாய் உண்டது பிள்ளைக்குச் சேரவில்லை என்று வீட்டிலுள்ள மூத்தோர் தீர்மானிக்கின்றனர். முதலில் பாலும் தயிரும் நிறுத்தப்படுகின்றன. பின்னர் முட்டை, மீன், பருப்பு, கத்தரிக்காய் என்று ஒவ்வொன்றாகத் தாயின் உணவிலிருந்து விலக்கப்படுகின்றன. அப்பொழுதும் கக்கல் நில்லாவிடில், குற்றம் தாய்ப்பாலின் மீதே சுமத்தப்பட்டுப் புட்டிப் பால் வீட்டிற்குள் நுழைகிறது. களப் பணியாளர் அவ்வீட்டை அடையும்போது பெரும்பாலும் இக்கடைசிக் கட்டமே நடந்து கொண்டிருக்கும்.

மூத்தோரின் ஐயம் மூடத்தனமானதன்று. அதற்கு விஞ்ஞான ஆதாரம் சிறிது உண்டு. வியன்னா நகரத்துக் குழந்தை மருத்துவரான கிளமென்ஸ் ஃபான் பிர்கே 1906-ஆம் ஆண்டில் ‘அலர்ஜி’ என்ற சொல்லை ஆக்கினார். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின், 1921-இல், ஷானன் என்னும் அமெரிக்க மருத்துவர், தாய் உண்ணும் உணவின் புரதங்கள் அவளுடைய பாலிலும் காணப்படுகின்றன என்பதைக் கினிப் பன்றிகளைக் கொண்டு செய்த பரிசோதனைகளால் காட்டினார். இன்றைய இரசாயன முறைகள் இதனை இன்னும் நுட்பமாக அளக்கின்றன. பசுவின் பாலில் பீட்டா-லாக்டோகுளோபுலின் என்றொரு புரதம் உண்டு. மனிதத் தாயின் உடல் இதனை உற்பத்தி செய்வதே இல்லை. ஆயினும், பசும்பால் அருந்தும் தாய்மாரில் ஏறக்குறையப் பாதிப் பேரின் பாலில் இப்புரதம் தென்படுகிறது.

எவ்வளவு தென்படுகிறது என்பதே அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி. ஒரு லிட்டர் பசும்பாலில் இப்புரதம் சுமார் 3 கிராம் இருக்கும். ஒரு லிட்டர் தாய்ப்பாலிலோ ஒரு மைக்ரோகிராம் முதல் சில பத்து மைக்ரோகிராம் வரையே இருக்கும். மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இத்துணைச் சிறிய அளவு மிகச் சில குழந்தைகளுக்குத் தொல்லை தருவது உண்மை. பெரும்பாலான குழந்தைகளை அது ஒன்றும் செய்வதில்லை. ஆதலின், ஐயத்திற்கு இடமுண்டு என்பதால் தாயைப் பத்தியத்தில் வைத்துவிடலாம் என்று முடிவு செய்வது பொருந்தாது.

கக்கல்

‘ரிஃப்ளக்ஸ்’ என்று மருத்துவ நூல்கள் குறிப்பிடுவதற்குப் புதிய கலைச்சொல் தேட வேண்டியதில்லை. எதுக்களித்தல் என்ற வழக்குச் சொல் அதன் பொருளை நன்றாகவே தருகிறது. உணவுக் குழலும் இரைப்பையும் சேருமிடத்தில் வளையம் போன்ற தசை ஒன்று உண்டு. உணவு இறங்கும்போது அது திறந்து, இறங்கியபின் மூடிக் கொள்ளும். வளர்ந்தவரிடத்தும் இத்தசை இடையிடையே சற்றுத் தளர்கிறது. குழந்தை நாளின் பெரும் பகுதியைப் படுத்தே கழிக்கிறது, அதன் உணவுக் குழல் குட்டையானது, உட்கொள்வதெல்லாம் நீர்மம், உடல் எடைக்கு ஒப்பிட்டால் அது குடிக்கும் அளவோ மிக அதிகம். இந்நிலையில் தசை தளரும்போதெல்லாம் பால் மேலேறி வாய் வழியே வழிவதில் வியப்பில்லை.

சிகாகோ வட்டாரத்தில் ஆரோக்கியமான 948 குழந்தைகளைப் பற்றிப் பெற்றோரிடம் விசாரித்து எழுதப்பட்ட ஆராய்ச்சி ஒன்று 1997-இல் வெளிவந்தது. நாளொன்றுக்கு ஒரு முறையேனும் கக்கும் குழந்தைகள் நான்காம் மாதத்தில் நூற்றுக்கு 67 பேராக இருந்தனர். பத்து முதல் பன்னிரண்டு மாதங்களில் இத்தொகை ஐந்தாகக் குறைந்தது. குழந்தை உட்காரவும் நிற்கவும் கற்று, கட்டியான உணவு உண்ணத் தொடங்கும் காலத்தில் கக்கல் தானே அடங்கிவிடுகிறது. கக்கினாலும் முகம் மலர்ந்து, எடை ஒழுங்காக ஏறும் குழந்தைக்கு மருந்தோ பத்தியமோ தேவையில்லை. அங்கன்வாடியின் வளர்ச்சி அட்டையில் எடைக் கோடு மேல்நோக்கிச் செல்வதைத் தாய்க்கும் பாட்டிக்கும் விரல் வைத்துக் காட்டுவது, நீண்ட விளக்கத்தைவிட அதிகப் பயன் தரும்.

கக்கலைக் குறைக்கும் எளிய வழிகள் சில உண்டு. குழந்தை மார்பை நன்றாகக் கவ்விக் குடிக்கிறதா என்று கவனிக்க வேண்டும். காம்பை மட்டும் பற்றினால் காற்றும் உட்செல்லும். குடித்தபின் தோளில் சாய்த்துச் சிறிது நேரம் நிமிர்த்தி வைத்து, ஏப்பம் விடச் செய்யலாம். குடித்தவுடன் காலைத் தூக்கித் துணி மாற்றுவதையும் வயிற்றை அழுத்தித் தைலம் தேய்ப்பதையும் தவிர்ப்பது நலம். கக்குகிறது என்பதற்காகக் குப்புறப்போட்டு உறங்க வைத்தல் கூடாது. உறக்கத்தில் திடீர் மரணம் நேரும் அபாயம் அந்நிலையில் அதிகம். மல்லாந்து உறங்கினால் கக்கியது மூச்சுக்குழலில் சென்றுவிடும் என்ற அச்சம் பரவலாக இருப்பினும், ஆரோக்கியமான குழந்தை இருமியும் விழுங்கியும் தன்னைக் காத்துக் கொள்கிறது.

அமிலத்தைக் குறைக்கும் மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். லான்சோபிரசோல் என்னும் மருந்து, எதுக்களிப்பின் அறிகுறிகளுடன் அழுத 162 குழந்தைகளைக் கொண்டு சோதிக்கப்பட்டு, முடிவு 2009-இல் வெளியாயிற்று. மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 54 பேர் குணமடைந்தனர். வெறும் போலி மருந்து பெற்றவர்களிலும் அதே 54 பேர் குணமடைந்தனர். மருந்து பெற்றவர்களிடையே நுரையீரல் தொற்று முதலிய கடுமையான தீங்குகளே மிகுதியாக இருந்தன.

கரப்பான்

எக்ஸிமா எனப்படும் குழந்தைக் கரப்பான் பெரும்பாலும் கன்னம், நெற்றி, தலை, கை கால்களின் வெளிப்புறம் ஆகிய இடங்களில் தொடங்கும். இடுப்புத் துணி கட்டும் பகுதியில் அனேகமாக இராது. மேனாட்டு நூல்களில் ‘சிவந்த தடிப்பு’ என்று படித்துவிட்டு மாநிறக் குழந்தைகளிடம் சிவப்பையே தேடினால் நோய் கண்ணுக்குத் தப்பிவிடும். இவர்களது தோலில் அது கரும்பழுப்பாகவோ ஊதாவாகவோ சாம்பல் பூத்தாற்போலவோ தோன்றும். தடவிப் பார்த்தால் சொரசொரப்புத் தெரியும். உள்ளங்கை, உள்ளங்கால், விரலிடுக்கு ஆகிய இடங்களில் கொப்புளங்கள் இருந்து, வீட்டில் மற்றவர்களும் இரவில் சொறிந்து கொண்டிருந்தால், அது கரப்பான் அன்று, சிரங்காக இருக்கக்கூடும். சிரங்கிற்குச் சிகிச்சை வேறு. வீட்டார் அனைவரும் ஒரே நேரத்தில் அதனைப் பெற வேண்டும்.

உணவு ஒவ்வாமையே கரப்பானை உண்டாக்குகிறது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. அண்மை ஆராய்ச்சிகள் இவ்வரிசையைப் பெரும்பாலும் தலைகீழாக மாற்றிவிட்டன. ஸ்காத்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் அவர்தம் கூட்டாளிகளும், தோலின் மேலடுக்கை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுவில் உள்ள குறைபாடு கரப்பானுக்கு முக்கியமான காரணம் என்று 2006-இல் கண்டறிந்தனர். சுவரில் செங்கற்களுக்கு இடையே சாந்து உதிர்ந்தாற்போல, இத்தகைய தோலிலிருந்து ஈரம் வெளியேறுகிறது. தூசியும் கிருமியும் உணவுத் துகளும் உட்புகுகின்றன. உணவுப் பொருள் வயிற்றின் வழியே அறிமுகமானால் உடல் அதனை ஏற்கப் பழகுகிறது. வெடித்த தோலின் வழியே அறிமுகமானால் பகையாகக் கொள்கிறது. நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைக் கரப்பானுக்குப் பூசியதற்கும் பிற்காலத்தில் தோன்றிய நிலக்கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு இருப்பதாக 2003-இல் இங்கிலாந்தில் வெளியான ஆராய்ச்சி ஒன்றும் இக்கருத்திற்கு அரண் செய்தது.

இதனால் கிடைக்கும் நடைமுறைப் பாடம் ஒன்று உண்டு. கரப்பான் கண்ட குழந்தைக்கு முதற் சிகிச்சை தோலுக்கே. வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரக் குளியல், வாசனைச் சோப்பையும் கடலை மாவு, பயற்றம் மாவு தேய்ப்பதையும் நிறுத்துதல், ஈரம் உலருமுன் வாசனையற்ற வாசலின் போன்ற களிம்பை நாளில் பலமுறை தடவுதல், பருத்தித் துணி அணிவித்தல், நகத்தை ஒட்ட வெட்டுதல் ஆகியவற்றிற்கு அதிகச் செலவில்லை. மருத்துவர் எழுதிக் கொடுத்தால், ஹைட்ரோகார்டிசோன் போன்ற மென்மையான ஸ்டீராய்டுக் களிம்பைக் குறித்த நாட்கள் பூசுவதற்கு அஞ்ச வேண்டியதில்லை. மருந்துக் கடையில் தாமே கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகளுக்கே அஞ்ச வேண்டும். அவற்றுட் சிலவற்றில் கடுமையான ஸ்டீராய்டு உண்டு. அது குழந்தையின் தோலை மெலிவித்துவிடும். தேன் நிறப் பொருக்கு, சீழ், காய்ச்சல் தோன்றினால் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தாய் உணவைக் குறைத்துக் கொண்டால் குழந்தைக்குக் கரப்பான் வராமல் தடுக்கலாமா என்பதும் சோதிக்கப்பட்டது. பல பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் அறிக்கை (2012), கர்ப்ப காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் அவ்வாறு விலக்குவதால் பயனுண்டு என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று கூறிற்று. ஒவ்வாமை வரக்கூடிய குடும்பத்துத் தாய்மார் நிலக்கடலையையும் கொட்டை வகைகளையும் நீக்க வேண்டும், முட்டை, பால், மீன் ஆகியவற்றை நீக்குவதையும் கருதலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000-இல் கூறியிருந்தது. அறிவுரையைத் தாங்கும் சான்று இல்லை என்று கண்டு 2008-இல் அதே கழகம் அதனைக் கைவிட்டது.

உண்மையான ஒவ்வாமை

அப்படியாயின் உண்மையாகவே பாதிக்கப்படும் குழந்தைகள் எத்தனை பேர்? டென்மார்க்கின் ஓடென்ஸே நகரில் 1985-இல் பிறந்த 1,749 குழந்தைகளை மருத்துவர்கள் ஓராண்டு வரை தொடர்ந்து கவனித்தனர். பசும்பால் ஒவ்வாமையோ என்று ஐயுறத்தக்க அறிகுறிகள் 117 குழந்தைகளிடம் தோன்றின. பாலை நீக்கியும் மீண்டும் கொடுத்தும் சோதித்தபோது, 39 குழந்தைகளிடமே அது உறுதியாயிற்று. அதாவது, ஐயுறப்பட்ட மூவரில் ஒருவருக்கே நோய் இருந்தது. தாய்ப்பால் மட்டும் குடித்து வந்த காலத்திலேயே நோய் கண்டவர்கள் அவர்களுள் ஒன்பதே பேர். இருநூறு குழந்தைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தில்.

அந்த ஒன்பது குழந்தைகளின் பிறப்புப் பதிவுகளைப் புரட்டியபோது புலப்பட்ட செய்தி இந்நாட்டுக் களப் பணியாளருக்கு மிக முக்கியமானது. ஒன்பது பேருக்கும் பிறந்த முதல் மூன்று நாட்களுள் பசும்பாலால் ஆன புட்டிப் பால் கொடுக்கப்பட்டிருந்தது. ஜப்பானில் 312 பச்சிளங் குழந்தைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2019-இல் வெளியான பரிசோதனையிலும், முதல் மூன்று நாட்களில் புட்டிப் பாலைத் தவிர்த்த குழந்தைகளிடம் பால் ஒவ்வாமைக்கான அடையாளங்கள் குறைவாகவே இருந்தன. சீம்பால் சுரக்கும் நாட்களில் ‘தாய்க்குப் பால் வரவில்லை’ என்று சங்கில் வார்க்கும் மாட்டுப் பாலும், மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உறவினர் கலக்கும் மாவுப் பாலும் சிறு விஷயங்களல்ல.

ஒவ்வாமை இருவகைப்படும். ஒருவகை, ஐ.ஜி.இ. என்னும் எதிர்ப்பொருளால் சில நிமிடங்களில் தோன்றுவது. உடலெங்கும் தடிப்பு எழும்பும், உதடு வீங்கும், மூச்சுத் திணறும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையிடம் இது அரிது. மற்றொன்று, பல மணி நேரமோ சில நாட்களோ கழித்துத் தோன்றுவது. தீராத கரப்பான், மிகுந்த வாந்தி, சளியும் இரத்தமும் கலந்த மலம் ஆகியவை இதன் அறிகுறிகள். இவ்வகையை இரத்தப் பரிசோதனையோ தோலில் குத்திப் பார்க்கும் சோதனையோ காட்டாது. மலத்தில் சிறிது இரத்தம் கண்டாலே ஒவ்வாமை என்று எண்ணுவதும் தவறு. பின்லாந்தில் இவ்வாறு இரத்தம் கண்ட 40 குழந்தைகளை ஆராய்ந்ததில், நூற்றுக்கு 18 பேருக்கே பசும்பால் ஒவ்வாமை இருந்தது. எனினும் இரத்தம் கண்ட குழந்தையை மருத்துவர் ஒருவர் பார்த்தே தீர வேண்டும். சீதபேதி, குடல் செருகிக் கொள்ளுதல் போன்ற வேறு காரணங்களும் உண்டு.

தோலுக்கு ஒழுங்காகச் சிகிச்சை செய்தும், பாலூட்டும் முறையைத் திருத்தியும் குறையாத தொல்லைக்கு, மருத்துவரின் மேற்பார்வையில் ஒரு சோதனை செய்யலாம். தாய் இரண்டு முதல் நான்கு வாரங்கள் வரை பால் வகைகளை மட்டும் அறவே நீக்க வேண்டும். தேநீரில் கலக்கும் பால், தயிர், மோர், பன்னீர், பால்கோவா, பால்மாவு சேர்ந்த பிஸ்கோத்து, நெய் யாவும் இதில் அடங்கும். எருமைப் பாலுக்கோ ஆட்டுப் பாலுக்கோ மாறுவதால் பயனில்லை. அவற்றின் புரதங்கள் பசும்பாலின் புரதங்களை ஒத்தவை. தொல்லை குறையவில்லையெனில், பால் காரணமன்று. தாய் அன்றே பழைய உணவிற்குத் திரும்பலாம். குறைந்தாலும் சோதனை முடிந்துவிடவில்லை. தாய் மீண்டும் பால் அருந்திப் பார்க்க வேண்டும். ஓரிரு வாரங்களுக்குள் அறிகுறிகள் திரும்பினாலன்றி ஒவ்வாமை உறுதியாகாது. நாட்கள் செல்லச் செல்லத் தானே குணமாகும் இயல்புடைய தொல்லைகளாதலால், இரண்டாம் படியை விட்டுவிட்டால் பத்தியத்திற்கு வீண் பெருமை கிடைத்துவிடும். வீட்டு வைத்தியத்தில் எப்போதும் விடுபடுவது இந்த இரண்டாம் படியே.

தாயின் உணவு

பாலை நீக்குவதில் என்ன கெடுதல் என்று கேட்கப்படலாம். பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாகவும், சுண்ணாம்புச் சத்து 1,200 மில்லிகிராமும் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரை கூறுகிறது. இச்சுண்ணாம்புச் சத்தின் பெரும் பகுதி நம் நாட்டில் பாலிலிருந்தே கிடைக்கிறது. மரக்கறி உணவினர்க்கு வைட்டமின் பி12 தரும் முக்கியமான உணவும் பாலே. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜாதவ், வெப், வைஷ்ணவா, பேக்கர் ஆகியோர் 1962-இல் லான்செட் பத்திரிகையில் ஓர் நோய்த் தொகுதியை விவரித்தனர். பி12 குறைந்த தாய்மாரின் பாலையே குடித்து வளர்ந்த குழந்தைகள் இரத்தம் குன்றி, தோல் கறுத்து, சோர்ந்து, கற்றுக்கொண்ட சிரிப்பையும் அமர்தலையும் மறந்து பின்னடைந்தனர். பி12 அளித்தபின் தேறினர். கரப்பானைத் தீர்க்கவென்று மரக்கறித் தாயின் பாலையும் தயிரையும் மாதக்கணக்கில் நிறுத்தும் வீட்டில், இதே ஆபத்து அழைப்பின்றி வந்து சேரும். ஒவ்வாமை உறுதியாகிப் பாலைத் தொடர்ந்து நீக்க நேர்ந்தால், சுண்ணாம்புச் சத்து, பி12 மாத்திரைகளை மருத்துவரிடம் கேட்டுப் பெறுவதோடு, கேழ்வரகு, எள், கீரை, மீன் ஆகியவற்றைத் தாயின் உணவில் கூட்டவும் வேண்டும்.

தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப் பால் தருவது இன்னும் கேடு. தாய்ப்பாலில் மைக்ரோகிராம் கணக்கில் இருந்த பசும்பால் புரதத்தைப் புட்டியில் கிராம் கணக்கில் ஊட்டுவதாகும் அது. தாய்ப்பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை சேரவில்லை என்று சிலர் கூறுவதும் உண்டு. அச்சர்க்கரை தாயின் உடலிலேயே உண்டாவது. அவள் உணவை மாற்றுவதால் அது மாறாது. அதற்கும் ஒவ்வாமைக்கும் தொடர்பில்லை.

உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய குழந்தைகளைக் களப் பணியாளர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். பச்சை நிறத்தில் வாந்தி எடுப்பது குடல் அடைப்பின் அடையாளமாகலாம். ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. பிறந்த இரண்டாம் வாரம் முதல் எட்டாம் வாரத்திற்குள், ஒவ்வொரு முறை குடித்த பின்னும் பீறிட்டு அடிக்கும் வாந்தி, இரைப்பையின் வாயில் தடித்துப் போனதால் இருக்கலாம். அதற்கு அறுவைச் சிகிச்சை உண்டு. வாந்தியில் இரத்தம், வயிறு உப்புதல், காய்ச்சல், பால் குடிக்க மறுத்தல், துவண்டு கிடத்தல், எடை ஏறாமை, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஒன்றிருந்தாலும் அது வெறும் எதுக்களிப்பன்று.

ஆறு மாதம் நிறைந்து வேற்றுணவு தொடங்கும்போது, கரப்பானுள்ள குழந்தைக்கு முட்டையையும் கடலையையும் ஒளித்து வைக்கும் வழக்கம் மறுபடியும் தலைகாட்டும். இலண்டனில் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு நான்கு முதல் பதினொரு மாத வயதிலேயே நிலக்கடலை உணவு தொடங்கப்பட்டது. மறு பிரிவினர்க்கு ஐந்து வயது வரை விலக்கப்பட்டது. கடலை ஒவ்வாமை, விலக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 17.2 பேருக்கும் உண்டவர்களில் 3.2 பேருக்கும் காணப்பட்டது என்று 2015-இல் முடிவு வெளியாயிற்று. கடும் கரப்பானுள்ள குழந்தைக்கு முதன்முறை கொடுக்குமுன் மருத்துவரைக் கலப்பது நலம். கடலையை நைய அரைத்துக் கூழில் கலந்தே தர வேண்டும். முழுக் கடலை தொண்டையில் சிக்கிவிடும்.

பசும்பால் ஒவ்வாமை உறுதியான குழந்தையின் பெற்றோர்க்கு, பள்ளியிலோ மையத்திலோ சந்திக்கும் ஆசிரியர் கூறத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஓடென்ஸே நகரத்து அந்த 39 குழந்தைகளும் மீண்டும் மீண்டும் சோதிக்கப்பட்டனர். ஓராண்டு நிறைவில் நூற்றுக்கு 56 பேரும், இரண்டாண்டில் 77 பேரும், மூன்றாண்டில் 87 பேரும் பசும்பாலைத் தடையின்றி அருந்தினர்.